பத்து நாள் பார்க்கச் சொன்னார் டாக்டர்

போன மாதம் எனக்கு மரண பயம் வந்தது. வந்த இடம் — வலது கை ஆள்காட்டி விரல்.

கடித்தது ஒரு நாய்க்குட்டி. ஆபீஸில் லீவு கேட்கும்போது 'நாய்' என்பதைச் சத்தமாகவும் 'குட்டி' என்பதை வாய்க்குள்ளும் சொன்னேன். உங்களிடம் அப்படிச் சொல்ல முடியாது. வாரா வாரம் முகத்தில் முழிக்க வேண்டியிருக்கிறது.

தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். ஆறு மாதமாக நான் தருமபுரிவாசி. டிரான்ஸ்ஃபர். மனைவி திருச்சியில் டீச்சர், மகள் அங்கேயே காலேஜ். அவர்கள் அங்கே. நானும் என் டிரான்சிஸ்டரும் இங்கே, சின்னப்பன் வீட்டின் பின்பக்கப் போர்ஷனில்.

சின்னப்பன் டவுனில் மாவு மில் வைத்திருக்கிறார். ஊருக்கு வெளியே கொஞ்சம் நிலம் — கேழ்வரகு, கடலை. அவர் மனைவி ஆரோக்கியமேரி. ஞாயிறு பூசைக்குப் போகிற நேரம் தவிர எந்நேரமும் ஏதாவது வேலையாக இருப்பவர். அவர்கள் வீட்டு நாய் ராணி போட்ட குட்டிகளில் கடைசியாக மிஞ்சியது ஒரு செவலைக் குட்டி. அதுவும் ஏற்கெனவே பேசி முடித்த சம்பந்தம். தொப்பூரில் பரோட்டா கடை வைத்திருக்கும் ஆரோக்கியமேரியின் தம்பி பவுலுக்கு என்று ஒதுக்கப்பட்டது. அவர் கடையில் காவலுக்கு இருந்த பழைய நாய் லாரியில் அடிபட்டுப் போயிற்றாம். ஒழிந்த நேரத்தில் வந்து தூக்கிக்கொண்டு போவதாக ஏற்பாடு.

போகிற குட்டிக்குப் பெயர் எதற்கு என்று அவர்கள் பெயரே வைக்கவில்லை. நான்தான் 'ஆபீசர்' என்று கூப்பிட்டேன். பகல் முழுக்கத் தூக்கம், எழுந்தால் யாரையாவது கடிப்பது... வேறு என்ன பெயர் வைப்பது?

ஒரு காலை, வாசற்படியில் உட்கார்ந்து பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஆபீசர் வந்தார். விரலை ஆட்டி விளையாட்டுக் காட்டினேன். கவ்வினார்.

வலித்ததா? இல்லை. ரத்தம்? இல்லை. ஆனால் தொப்புளைச் சுற்றிப் போடுகிற ஊசிகள் வரிசையாகக் கண்முன் வந்து நின்றன. வாயில் நுரையோடு எழுந்து ஓடினேன். பற்பசை நுரைதான். ஆனால் அந்த நிமிஷத்தில் கண்ணாடியைப் பார்த்திருந்தால் என் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

"குட்டிப் பல்லுங்க சார்... ஊறுதுன்னு கவ்வும். அது ஒண்ணும் பண்ணாதுங்க" என்றார் ஆரோக்கியமேரி. கேட்கிற நிலையிலா நான் இருந்தேன்?

ஆபீஸில் பக்கத்து சீட்காரர் ஆறுதல் சொன்னார். அவர் ஊரில் ஒருவரை இப்படித்தான் ஒரு குட்டி கடித்ததாம். மூன்று மாதம் ஒன்றுமில்லையாம். பிறகு ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து, தண்ணீர் டம்ளரைக் கையில் எடுத்தாராம்... அங்கே நிறுத்திவிட்டு அவர் வெற்றிலை போடப் போய்விட்டார். மீதிக் கதையை நானே முடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. நான் முடித்தால் நல்லபடியாகவா முடிப்பேன்?

தண்ணீரைக் கண்டால் பயம் வருகிறதா என்று ஒரு டம்ளர் குடித்துப் பார்த்தேன். வரவில்லை. உறுதி செய்துகொள்ள இன்னொன்று. மத்தியானத்துக்குள் பானை காலி. அப்புறம் அடிக்கடி கொல்லைப் பக்கம் ஓட வேண்டி வந்தது. இது எந்த வியாதியின் அறிகுறியோ என்று புதுக் கவலை! இந்தக் கோடையில் இந்த ஊரில் தண்ணீரைக் கண்டு பயப்படுவதற்கு முதலில் தண்ணீரைக் காண வேண்டுமே என்று அப்போது தோன்றவில்லை.

ஆஸ்பத்திரி டாக்டர் பொறுமைசாலி. எந்த விரல் என்று கேட்டார். நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எங்க?" என்றார். எனக்கே சந்தேகம் வந்து அடுத்த விரலையும் நீட்டினேன். மூன்றாவதையும் நீட்டியிருப்பேன், அவர் போதும் என்று சொல்லிவிட்டார். தோலில் ஒரு கீறல்கூட இல்லை, ஊசி தேவையில்லை. உங்கள் மன நிம்மதிக்கு வேண்டுமானால் அந்தக் குட்டியைப் பத்து நாள் கண்காணித்துக்கொள்ளுங்கள், அது நன்றாக இருந்தால் நீங்களும் நன்றாக இருக்கிறீர்கள் என்று அர்த்தம் — இதுதான் அவர் சொன்னது.

இங்கே கொஞ்சம் சீரியஸாக ஒன்று. கீறல் பட்டாலோ ரத்தம் வந்தாலோ நாள் எண்ணிக்கொண்டு உட்காராதீர்கள். சோப்புப் போட்டு, விழுகிற தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மிளகாய்த்தூள் குழம்புக்கு, சுண்ணாம்பு வெற்றிலைக்கு. காயத்துக்கு அல்ல. மந்திரிப்பவரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். சீரியஸ் முடிந்தது.

அது நன்றாக இருந்தால் நான் நன்றாக இருப்பேன். இப்படி ஒரு உயிரோடு என் உயிரைக் கட்டிவிட்டால் நான் என்ன செய்வேன்? சின்னப்பனிடம் போய், பத்து நாளைக்குக் குட்டி என் போர்ஷனில்தான் இருக்க வேண்டும், டாக்டர் உத்தரவு என்றேன். அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார். குட்டி கைமாறியது.

அன்றிலிருந்து அதன் உடல்நலம் என் உடல்நலம். ஆகவே ராஜ உபசாரம். அரை லிட்டர் பால் வாங்கி வைத்தேன். பிஸ்கட் ஊறப்போட்டேன். பன் வாங்கினேன். ஆபீசர் எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டார். மறுநாள் காலை வீடு முழுக்கக் கழிசல்.

என் கண்ணுக்கு அது கழிசலாகவா தெரிந்தது? என் மரண வாக்குமூலமாகத் தெரிந்தது. ஒயர் கூடையில் குட்டியைப் போட்டுக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அங்கே வரிசையில் மாடுகள், ஆடுகள், அவற்றின் சொந்தக்காரர்கள். எல்லோரும் அமைதியாக நின்றார்கள். வியர்த்துக் கொட்டி, மூச்சு வாங்கி, கண் சிவந்து நின்றது நான் ஒருத்தன்தான். டாக்டர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, "இதுல யாருக்குங்க உடம்பு சரியில்ல?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

கோளாறு பாலில்தான் என்றார். தாய்ப்பால் மறந்த குட்டிக்கு மாட்டுப்பாலைக் குடம் குடமாக ஊற்றினால் வயிறு தாங்காதாம். அது பிறந்த வீட்டில் என்ன சாப்பிட்டதோ அதையே கொடுங்கள், மாற்றுவதென்றால் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள் என்றார். பூச்சி மருந்து கொடுத்தார். மூன்று மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசிக்குக் கூட்டி வரச் சொன்னார். அப்போது அது யாரிடம் இருக்குமோ? தலையை மட்டும் ஆட்டினேன்.

பிறந்த வீட்டில் அது சாப்பிட்டது களியும் கூழும். ஆரோக்கியமேரி கேழ்வரகு மாவும் ஒரு சட்டியும் கொடுத்தார். உப்பு, காரம், வெங்காயம் எதுவும் கூடாது, ஆறவைத்துத்தான் கொடுக்க வேண்டும். ஒரே வேளையில் திணிக்காமல் நாலு வேளையாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். மூன்று வேளையும் ஹோட்டலில் கை நனைக்கிற ஆசாமி நான். அடுப்பைப் பற்றவைத்துக் கூழ் காய்ச்சினேன். ஆறு மாதத்தில் என் அடுப்பில் முதல் முறையாக ஒரு உயிருக்காக ஏதோ வெந்தது.

கட்டியாகத்தான் இருந்தது. ஆபீசர் நக்கி முடித்துச் சட்டியையும் தள்ளிக்கொண்டு சுவர்வரை போனார். என் சமையலை இவ்வளவு மரியாதையாக இதுவரை யாரும் சாப்பிட்டதில்லை.

இப்படியாக, உயிருக்குப் பயந்து நாய் வளர்க்கக் கற்றுக்கொண்டேன். தண்ணீர்க் கிண்ணம் கனமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கவிழ்த்து அதில் உருளும். படுக்கைக்குப் பழைய சாக்கு போதும், ஈரம் மட்டும் கூடாது. கோழி எலும்பு சிம்புசிம்பாக உடைந்து தொண்டையைக் கிழிக்கும், வேண்டாம். கயிற்றைக் குட்டையாகக் கட்டாதீர்கள். குட்டையாகக் கட்டிய எதுவும் முரடாகத்தான் வளரும். ஆபீஸ் சட்டங்கள் உட்பட.

கடிப்பது? அதற்கும் வழி இருக்கிறது. பல் முளைக்கிற வயதில் ஈறு ஊறும், கையில் அகப்பட்டதைக் கடிக்கும். விரலைக் கொடுத்து விளையாடக் கூடாது. நான் செய்த முதல் தப்பு அது. பழைய துண்டில் பெரிய முடிச்சாகப் போட்டுக் கொடுத்தேன். மீறி விரலைக் கவ்வினால் அடிக்காதீர்கள், கத்தாதீர்கள். ஆட்டத்தை நிறுத்திவிட்டு எழுந்து போய்விடுங்கள். கொஞ்ச நேரம் தனியாக விட்டுவிடுங்கள், போதும். அதன் உலகத்தில் அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

எழுந்து போய் அடுத்த அறையில் நின்றுகொண்டு யோசித்தேன்... யாரைக் கடித்ததற்காக எனக்கு ஆறு மாதமாக இந்தத் தண்டனை?

ஆபீஸ் போகும்போது ரேடியோவைச் சின்னதாக வைத்துவிட்டுப் போவேன். மனிதக் குரல் கேட்டுக்கொண்டிருந்தால் தனியாக இருக்கிற பயம் தெரியாது, அழாமல் தூங்கும். நாயைச் சொல்கிறேன்.

அந்த வாரம் திருச்சிக்கு டிரங்க் கால் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றிருந்த மனைவி, பரீட்சைப் பேப்பர் கட்டு வந்துவிட்டது, அடுத்த மாதம் பார்க்கலாம் என்றாள். நாய் கடித்ததைச் சொல்லலாமா என்று நான் தொண்டையைச் செருமிக்கொண்டிருக்கும்போதே மூன்று நிமிஷம் முடிந்து லைன் போய்விட்டது. வீட்டுக்கு வந்து ஆபீசரிடம் முழுவதையும் சொன்னேன். அவர் அவசரப்படவில்லை. முடிகிறவரை கேட்டுவிட்டு என் செருப்பை எடுத்துக்கொண்டு போனார்.

இதற்கிடையில் நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். தினசரி காலண்டரில் தாளைக் கிழித்ததும், மதில் பக்கம் போய்க் குரல் கொடுப்பேன். "அம்மா... இன்னும் ஏழு நாள்." மறுநாள், "ஆறு நாள்தாங்க பாக்கி." துணி துவைத்துக்கொண்டே ஆரோக்கியமேரி சிரிப்பார். ஒருத்தரைச் சிரிக்கவைத்துவிட்டு ஆபீஸ் போனால் அன்றைய பொழுது கொஞ்சம் சீக்கிரம் போகும். முதலில் பயத்தில்தான் எண்ணினேன். நடுவில் எப்போதோ பயம் போய்விட்டது. எண்ணுவது மட்டும் நிற்கவில்லை. சிரிக்கிறார்களே, எப்படி நிறுத்துவது?

பத்து நாள் முடிந்தது. ஆபீசர் நன்றாக இருந்தார். ஆகவே நானும் நன்றாக இருந்தேன். இருந்திருக்க வேண்டும்.

மறுநாளே பவுலு வந்துவிட்டார். முன்வீட்டில் காபி குடித்துக்கொண்டு, அக்காவோடு பேசிக்கொண்டிருப்பது கேட்டது. இன்னும் பத்து நிமிஷத்தில் குட்டி போய்விடும்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கதவைச் சாத்திவிட்டு, தரையில் உட்கார்ந்து, வலது கை ஆள்காட்டி விரலைக் குட்டியின் வாய்க்குள் வைத்தேன். ஒரு கடி. ஒரே ஒரு சின்னக் கடி. டாக்டர் கணக்குப்படி இன்னும் பத்து நாள் கிடைக்குமே!

ஆபீசர் என்னைப் பார்த்தார். விரலை நக்கினார். "கடி" என்றேன். போய், முடிச்சுப் போட்ட துண்டை எடுத்துவந்து என் மடியில் வைத்தார்.

எவ்வளவு நன்றாக வளர்த்திருக்கிறேன், பாருங்கள்.

கதவைத் தட்டிய பவுலு, "குட்டிய எடுத்துக்கலாமுங்களா சார்?" என்றார். அந்த நேரத்தில் ஒரு மனிதன் என்ன சொல்ல வேண்டும்? இருக்கட்டும், எனக்கு வேண்டும் என்றல்லவா? நான் ஜோக் அடித்தேன். "தாராளமா எடுத்துட்டுப் போங்க. நான் உயிர் பிழைச்சேன்." எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். ஒயர் கூடையின் விளிம்புக்கு மேலே இரண்டு காதுகள் ஆடிக்கொண்டே தெருமுனை திரும்பின.

அடுத்த சில நாட்கள் விசேஷமாக ஒன்றுமில்லை. ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. கைப்பழக்கத்தில் ஒருநாள் சாயந்திரம் கூழ் காய்ச்சிவிட்டேன். கொட்ட மனசில்லை. நானே உட்கார்ந்து குடித்தேன். உப்பில்லை.

அப்போது ஆரோக்கியமேரி சட்டியைத் திருப்பி வாங்க வந்தார். சட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மூலையில் கிடந்த துண்டையும் பார்த்தார்.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா வூட்லயே வுட்டிருப்பமேங்க சார்."

"உங்க தம்பிக்குன்னு பேசின குட்டியாச்சே அம்மா?"

"அவனுக்கு வேற குட்டி கெடைக்காதுங்களா? நீங்கதான் தெனம் ஏழு, ஆறு, அஞ்சுன்னு சொல்லிட்டே இருந்தீங்க. எப்படா இந்தச் சனியன் ஒழியும்னு இருக்கீங்கன்னு நெனச்சிக்கிட்டோம். பாவம், பயந்த மனுசன்னு நாந்தான் தம்பிய அவசரமா வரச் சொன்னேன்."

சட்டியை எடுக்காமலே போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சேலம் பஸ் ஏறித் தொப்பூரில் இறங்கினேன். வழியெல்லாம் ஜோக் தயார் செய்தேன். உங்கள் நாய்க்கு உள்காய்ச்சல் இருப்பதாகக் கனவு வந்தது என்று ஒன்று. டாக்டர் பத்து நாள் என்றது தப்பு, இருபது என்று இன்னொன்று. இரண்டும் பரவாயில்லாமல்தான் இருந்தன.

கணவாய் இறங்குகிற லாரிகள் பிரேக் நாற்றத்தோடு பவுலு கடை முன்னால் நின்றுகொண்டிருந்தன. டயர்களுக்கு நாலடி தள்ளி, பெஞ்சுக் காலில் ஆபீசர். என்னைக் கண்டதும் எம்பிக் குதித்து, கயிறு இழுத்து, ஒரு லாரி டிரைவரின் டீயைக் கொட்டிவிட்டார்.

பவுலு கல்லில் பரோட்டாவைத் திருப்பிக்கொண்டே, வாங்க சார், சாப்பிடுங்க என்றார். நான் வாயைத் திறந்தேன். தயார் செய்த இரண்டில் ஒன்றுகூட வரவில்லை.

"பவுலு, அந்தக் குட்டியை எனக்குக் கொடுத்துடுங்க. வீட்டில் யாருமில்லை."

அவ்வளவுதான் வந்தது. சொல்லிவிட்டு நானே தரையைப் பார்த்தேன்.

கல்லில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. பவுலு கரண்டியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார்.

"எனக்கு எந்தக் குட்டியா இருந்தாலும் ஒண்ணுதாங்க சார். உங்களுக்கு இதானே? சாப்டுட்டுக் கூட்டிட்டுப் போங்க. வந்ததுலருந்து தெம்பா ஒரு வாய் திங்கல அது."

அது தின்றது, நான் பிய்த்துப் போட்ட பரோட்டாவை. குட்டிகளுக்கு மைதா கொடுக்கக் கூடாது என்பதை இந்தப் பத்தியில் எழுத மறந்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு மட்டும்.

நாய்க்குட்டி வளர்க்க ஆசைப்படுகிறவர்களே, பால், எலும்பு, சாக்கு, ஊசி எல்லாம் பிற்பாடு. வேண்டுமென்றால் முதலில் வேண்டும் என்று சொல்லுங்கள். வேடிக்கையாகச் சொல்லாமல் சும்மா சொல்லுங்கள். வேடிக்கையாகச் சொன்னால் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

திரும்பி வருகிற பஸ்ஸில் கண்டக்டர் என் மடியைப் பார்த்துவிட்டு, நாய்க்கும் டிக்கெட் போடணும் சார் என்றார். வழக்கமாக இந்த மாதிரி விஷயத்துக்கு நான் அரை மணி நேரம் சண்டை போடுகிற ஆள். அன்றைக்கு விரலை நீட்டி, பஸ்ஸுக்கே கேட்கிற மாதிரி சொன்னேன் —

"ரெண்டு தருமபுரி."